எல்சாட் தேர்வின் குழுப் புதிர்கள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் சட்டக் கல்லூரியில் சேர விரும்புவோர் எழுதும் நுழைவுத் தேர்வு எல்சாட். அதில் 1982 முதல் 2024 ஜூன் வரை பகுப்பாய்வுத் திறனைச் சோதிக்கும் ஒரு பகுதி இருந்தது. மாணவர்களின் பேச்சில் அதற்கு லாஜிக் கேம்ஸ் என்றே பெயர். ஆறேழு ஆட்களையோ பொருள்களையோ கொடுத்து, நான்கைந்து நிபந்தனைகளையும் சொல்லி, யார் யாரோடு சேரலாம், எது எங்கே போகும் என்று அந்தப் பகுதி கேட்டது. யார் முன்னே, யார் பின்னே என்று வரிசைப்படுத்தச் சொல்பவை அதில் ஒரு வகை. யார் எந்தக் குழுவில் என்று பிரிக்கச் சொல்பவை இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையை மனத்துக்குள்ளேயே வைத்துப் போட்டுப் பார்த்தால் மூன்றாவது நிபந்தனைக்கு வரும்போது முதலாவது நழுவிவிடும். அதனால் தாளில் கட்டம் போட்டு, அம்புக்குறி இழுத்து விடை காணும் ஒரு முறை உருவாயிற்று. நாற்பது ஆண்டுகளில் அந்த முறை கைத்தொழில்போல நுணுக்கம் பெற்றது. அந்தப் பகுதி தேர்விலிருந்து விலக நேர்ந்ததும் அந்த வரைதலை முன்னிட்டுத்தான்.

முன்னோடிப் புதிர்கள்

நிபந்தனைக்கு உட்பட்டுக் குழு பிரிக்கும் புதிர் மிகப் பழையது. ஒருவன் ஆற்றைக் கடக்க வேண்டும். அவனிடம் ஓநாய், வெள்ளாடு, முட்டைக்கோசுக் கட்டு மூன்றும் இருக்கின்றன. ஓடம் ஒன்றைத்தான் ஏற்றும். 8-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய அறிஞர் அல்குயின் தொகுத்ததாகக் கருதப்படும் லத்தீன் கணக்குத் தொகுப்பில் இந்தப் புதிர் உள்ளது. தமிழ்நாட்டில் இதையே புலி, ஆடு, புல்லுக்கட்டு என்று சொல்லிப் பிள்ளைகளைக் கேட்பது வழக்கம். இதில் இருக்கும் நிபந்தனைகள் இரண்டே: புலியும் ஆடும் தனித்திருக்கக் கூடாது, ஆடும் புல்லும் தனித்திருக்கக் கூடாது. எல்சாட் புதிர்களில் திரும்பத் திரும்ப வந்த ‘இவ்விருவரும் ஒரே குழுவில் இருக்கக் கூடாது’ என்ற விதியின் ஆதி வடிவம் இது.

19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இவ்வகைப் புதிர்கள் கணித ஆய்வுக்கும் வழி திறந்தன. 1850-இல் தாமஸ் கிர்க்மன் என்ற பாதிரியார் ஒரு பத்திரிகையில் ஒரு கணக்கை வெளியிட்டார். 15 பள்ளிச் சிறுமிகள் மூவர் மூவராக ஏழு நாள் நடக்கப் போகிறார்கள். எந்த இருவரும் இரண்டாம் முறை ஒரே வரிசையில் வரக் கூடாது. எப்படிப் பிரிப்பது என்பது கேள்வி. குழு அமைப்புக் கணிதத்தின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகிறது.

தருக்கத்தைப் படமாக வரைவது அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. 18-ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் ஆய்லர், ஜெர்மானிய இளவரசி ஒருவருக்கு எழுதிய கடிதங்களில் வட்டங்களைக் கொண்டு தருக்கத்தை விளக்கினார். 1880-இல் ஜான் வென் அதைச் செம்மைப்படுத்தினார். ‘ஆலிஸ்’ கதைகளை எழுதிய லூயிஸ் கரோல் ஆக்ஸ்போர்டில் கணித ஆசிரியர். அவர் 1880-களில் கட்டம் போட்ட அட்டையும் சிவப்பு, சாம்பல் நிறக் காய்களும் கொண்டு தருக்கத்தை ஒரு விளையாட்டாக வகுத்தார். 1896-இல் வெளிவந்த அவருடைய தருக்க நூலில் பல வாக்கியங்களைச் சங்கிலியாகக் கோத்து ஒரே முடிவுக்கு வரும் பயிற்சிகள் நிறைய உண்டு. எல்சாட் மாணவர் அம்புக்குறிகளைக் கோத்துச் செய்ததும் அதே வேலைதான்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த மரபு பத்திரிகைப் புதிராகப் பரவியது. அவற்றுள் மிகவும் பேர்பெற்றது 1962 டிசம்பர் 17 தேதியிட்ட ‘லைஃப் இன்டர்நேஷனல்’ இதழில் வந்த வரிக்குதிரைப் புதிர். ஐந்து வீடுகள், ஐந்து நாட்டவர், ஐந்து பிராணிகள். வரிக்குதிரை யாருடையது என்பது அதன் கேள்வி. ஐன்ஸ்டைன் இயற்றியது என்று இது பரவலாகச் சொல்லப்பட்டாலும் அதற்குச் சான்று இல்லை.

தேர்வு பிறந்த கதை

1945-இல் கொலம்பியா சட்டக் கல்லூரியின் சேர்க்கை இயக்குநர் பிராங்க் பவுல்ஸ், சட்டக் கல்லூரிகளுக்கென ஒரு பொது நுழைவுத் தேர்வு வேண்டும் என்று கல்லூரித் தேர்வு வாரியத்துக்குக் கடிதம் எழுதினார். போர் முடிந்து திரும்பிய படைவீரர்களின் கல்விச் செலவை அரசு ஏற்றதால் கல்லூரிகளில் விண்ணப்பங்கள் குவிந்த காலம் அது. ஒவ்வொரு கல்லூரியும் வேறு வேறு அளவில் மதிப்பெண் போட்டதால் விண்ணப்பதாரர்களை ஒப்பிட வழியில்லை. கொலம்பியா, ஹார்வர்டு, யேல் கல்லூரிகளின் பேராளர்கள் 1947-இல் கூடிப் பேசினார்கள். 1948 பிப்ரவரியில் முதல் எல்சாட் நடந்தது. அப்போது புதிதாகத் தோன்றியிருந்த கல்வித் தேர்வுச் சேவை நிறுவனமே அதைத் தயாரித்து நடத்தியது. நிர்வாகம் பின்னர் சட்டக் கல்லூரிச் சேர்க்கைக் கவுன்சிலிடம் வந்தது.

தேர்வின் உள்ளடக்கம் முதல் முப்பது ஆண்டுகளில் நிலையாக இருக்கவில்லை. வாசிப்பு, சட்டக் கொள்கையை வழக்கோடு பொருத்துதல், அட்டவணைகளைப் படித்துப் பொருள் கொள்ளுதல், எழுத்துத் திறன் என்று பகுதிகள் வந்தும் போயும் இருந்தன. சட்டப் படிப்புக்கு எந்தத் திறன் உண்மையில் தேவை என்பதற்கு விடை தேடும் முயற்சியாகவே அந்த மாற்றங்களைப் பார்க்க வேண்டும். பட்டமேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வு 1977-இல் பகுப்பாய்வுத் திறனுக்கென ஒரு பகுதியைச் சேர்த்தது. 1982-இல் எல்சாட்டின் சீரமைப்பில் லாஜிக் கேம்ஸ் இடம்பெற்றது. ஜிஆர்இ தன் பகுதியை 2002-இல் கைவிட்டு எழுத்துத் தேர்வுக்கு மாறியது. எல்சாட்டில் அது மேலும் 22 ஆண்டுகள் நீடித்தது.

1991 ஜூனில் எல்சாட் இன்றைய 120 முதல் 180 வரையிலான மதிப்பெண் அளவுக்கு மாறியது. அப்போது லாஜிக் கேம்ஸ் பகுதியின் வடிவமும் உறுதியாயிற்று: 35 நிமிடம், நான்கு புதிர்கள், மொத்தம் 22 முதல் 24 வினாக்கள். ஒரு புதிருக்குச் சராசரியாக ஒன்பது நிமிடம்கூடக் கிடைக்காது.

சட்டத்தோடு இந்தப் புதிர்களுக்கு என்ன உறவு என்ற கேள்வி தொடக்கம் முதலே உண்டு. சட்டப் பிரிவு ஒன்றைப் படிக்கும் வழக்கறிஞர், ‘இப்படி இருந்தால் அப்படி ஆகும், ஆனால் இன்னது நேர்ந்தால் ஆகாது’ என்ற வாக்கியங்களை அடுக்கிப் பார்த்து, கையிலுள்ள வழக்கில் எது கட்டாயம், எது சாத்தியம், எது முடியாது என்று பிரிக்கிறார். குழுப் புதிரும் அதே மூன்று கேள்விகளையே கேட்டது. சட்டம் தெரியாதவரிடமும் அந்தத் திறனை அளந்து பார்க்க அது வழி தந்தது.

ஒரு குழுப் புதிர் தீரும் விதம்

குழுப் புதிர்கள் இரண்டு பெரும் வகையாக வந்தன. ஒன்று தேர்ந்தெடுப்பு: ஏழு பேரில் சிலர் உள்ளே, மற்றவர் வெளியே. இன்னொன்று பங்கீடு: எல்லாரும் உள்ளே, ஆனால் எந்தக் குழுவில் என்பது தெரியாது. எத்தனை பேர் என்று எண்ணிக்கை முன்கூட்டியே தெரிந்தால் புதிர் எளிதாகும், தெரியாவிட்டால் கடினமாகும். எண்ணிக்கையைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று பயிற்சி ஆசிரியர்கள் வற்புறுத்தியது இதனால்தான்.

பங்கீட்டு வகைக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரு நகரின் வடக்குப் பூங்காவிலும் தெற்குப் பூங்காவிலும் ஆறு மரக்கன்றுகள் நட வேண்டும்; பூங்காவுக்கு மூன்று. கன்றுகள் ஓக், பைன், மேப்பிள், வில்லோ, எல்ம், செர்ரி. விதிகள் நான்கு. ஓக்கும் பைனும் ஒரே பூங்காவில் வரக் கூடாது. மேப்பிளும் வில்லோவும் ஒரே பூங்காவில் வரக் கூடாது. மேப்பிள் வடக்கே போனால் எல்மும் வடக்கே போக வேண்டும். செர்ரி தெற்கே போனால் ஓக் வடக்கே போக வேண்டும்.

பெயர்களைச் சுருக்குவது முதல் வேலை. எல்சாட்டில் பெயர்கள் பெரும்பாலும் வெவ்வேறு எழுத்தில் தொடங்கும்படி அமைந்திருக்கும். முதலெழுத்தை மட்டும் எழுதினால் போதும். இங்கே ஓ, பை, மே, வி, எ, செ. அடுத்து வடக்கு, தெற்கு என்று இரண்டு தலைப்பு எழுதி, ஒவ்வொன்றின் கீழும் மூன்று கோடு போட வேண்டும். பிறகு விதிகளைக் குறியாக்க வேண்டும். சேரக் கூடாத இருவரை ஒரு பெட்டிக்குள் எழுதிக் குறுக்கே அடிப்பது வழக்கம். நிபந்தனை விதியை அம்புக்குறியாக எழுத வேண்டும்: மே வடக்கு → எ வடக்கு.

அம்புக்குறியில்தான் பலர் சறுக்கினார்கள். ‘மேப்பிள் வடக்கே என்றால் எல்ம் வடக்கே’ என்பதைப் படித்துவிட்டு, ‘எல்ம் வடக்கே என்றால் மேப்பிள் வடக்கே’ என்று எடுத்துக்கொள்வது பிழை. எல்ம் வடக்கே இருந்தும் மேப்பிள் தெற்கே இருக்கலாம். விதி அதைத் தடுக்கவில்லை. சரியான மாற்று வடிவம் கிடைக்க வேண்டுமானால் இரண்டு பக்கத்தையும் மறுத்து, அம்பின் திசையையும் திருப்ப வேண்டும்: எல்ம் தெற்கே என்றால் மேப்பிளும் தெற்கே. ஒவ்வொரு விதியின் பக்கத்திலும் அதன் திருப்பிய வடிவத்தை உடனே எழுதிவிடுவது தேர்ந்த மாணவரின் பழக்கம். இங்கே நான்காவது விதியைத் திருப்பினால், ஓக் தெற்கே என்றால் செர்ரி வடக்கே என்று வரும்.

இனி எண்ணிக்கை. ஓக்கும் பைனும் பிரிந்தே இருக்க வேண்டும் என்பதால் பூங்காவுக்கு ஒன்றாக ஓர் இடம் நிரம்பிவிடுகிறது. மேப்பிளும் வில்லோவும் அப்படியே இன்னோர் இடத்தை நிரப்புகின்றன. மூன்று இடத்தில் மீதி ஒன்றுதான். எனவே எல்மும் செர்ரியும் சேரவே முடியாது. இதை எந்த விதியும் சொல்லவில்லை. இரண்டு விதிகளும் மூன்று என்ற எண்ணும் சேர்ந்து சொல்கின்றன. தாளில் அது இப்படி நிற்கும்:

வடக்கு: ஓ அல்லது பை / மே அல்லது வி / எ அல்லது செ
தெற்கு: இவற்றில் எஞ்சியவை

விதிகள் இல்லாவிட்டால் ஆறு கன்றுகளை மும்மூன்றாக இரண்டு பூங்காவில் நட 20 வழி உண்டு. மூன்று இணைகளும் பிரிந்தாக வேண்டும் என்று தெரிந்ததும் அது 8 ஆகச் சுருங்குகிறது. மேப்பிள் வடக்கே இருந்தால் எல்ம் வடக்கே. அதனால் செர்ரி தெற்கே. அதனால் ஓக் வடக்கே. ஒரே அடியில் எல்லா இடமும் நிரம்பிவிடுகிறது: வடக்கே மேப்பிள், எல்ம், ஓக், தெற்கே வில்லோ, செர்ரி, பைன். மேப்பிள் தெற்கே இருந்தால் வில்லோ வடக்கே. அப்போது எல்ம் வடக்கே போனால் செர்ரி தெற்கே, ஓக் வடக்கே என்று ஒரே வழி. எல்ம் தெற்கே போனால் செர்ரி வடக்கே. ஓக்கும் பைனும் எப்படியும் மாறிக்கொள்ளலாம் என்பதால் இரண்டு வழி. ஆக மொத்தம் நான்கே வழிகள்.

நான்கையும் தாளின் ஓரத்தில் எழுதிவிட்டால் அடுத்து வரும் ஆறு வினாக்களுக்கும் விடை கண்முன் இருக்கும். ‘வில்லோ தெற்கே என்றால் எது உறுதி?’ என்று கேட்டால், அது முதல் வழியில் மட்டுமே நடக்கும். விடை எழுத அரை நிமிடம் போதும். முதல் மூன்று நிமிடத்தைப் படத்துக்குச் செலவிட்டவர் மீதி வினாக்களை விரைவாக முடித்தார். படம் போடாமல் நேரே வினாவுக்குப் போனவர் ஒவ்வொரு வினாவுக்கும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. இந்த வேறுபாடுதான் வரைதலைத் தேர்வின் மையத்துக்குக் கொண்டு வந்தது.

வெளியான வினாத்தாள்கள்

வரைதல் முறை இவ்வளவு செம்மையானதற்கு ஒரு சட்டமும் துணை நின்றது. 1979-இல் நியூயார்க் மாநிலம் தேர்வு வெளிப்படைச் சட்டத்தை இயற்றியது. தேர்வு நடத்துவோர் வினாக்களையும் விடைகளையும் எழுதியவர்களுக்குக் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். அதுவரை பூட்டி வைக்கப்பட்டிருந்த வினாத்தாள்கள் அதன்பின் வெளிவரத் தொடங்கின. 1991 ஜூன் தேர்வு முதலாம் எண் பயிற்சித் தாளாகவும், அடுத்தடுத்த தேர்வுகள் அதே வரிசையிலும் அச்சாகி விற்பனைக்கு வந்தன.

பழைய தாள்கள் கையில் கிடைத்ததும் அவற்றை அடுக்கிப் பார்த்து வகை பிரிக்க முடிந்தது. எந்த விதி அடிக்கடி வருகிறது, எதற்கு எந்தக் குறி, எந்த இடத்தில் மறைந்த முடிவு கிடைக்கும் என்பவை பாடமாக எழுதப்பட்டன. 1938-இல் புரூக்ளினில் தனிப்பயிற்சி தொடங்கிய ஸ்டான்லி கேப்லனின் நிறுவனம் எல்சாட் பயிற்சியிலும் இறங்கியது. 1997-இல் தொடங்கிய பவர்ஸ்கோர் நிறுவனம் லாஜிக் கேம்ஸுக்கு மட்டுமே தடித்த பாடநூல் ஒன்றை வெளியிட்டது; மாணவரிடையே அது பெரும் செல்வாக்குப் பெற்றது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனிக் குறிகள் இருந்தன. சேரக் கூடாது என்பதை ஒருவர் இருதலை அம்பின் நடுவே கோடு போட்டுக் காட்டினார். இன்னொருவர் மறுப்புக்குச் சாய்கோட்டைப் பயன்படுத்தினார். குறி வேறானாலும் அடிப்படை ஒன்றே.

சில புதிர்கள் மாணவர் நினைவில் தனியாக நிலைத்தன. 2000 டிசம்பர் தேர்வில் காட்டில் எந்தப் பறவைகள் உள்ளன என்று கேட்ட புதிர், அம்புக்குறிகளைச் சங்கிலியாகக் கோப்பதற்கு முன்மாதிரிப் பாடமாயிற்று. 2009 ஜூன் தேர்வில் பொம்மை டைனோசர்களைத் தேர்ந்து, அவற்றின் நிறத்தையும் கண்டுபிடிக்கச் சொன்ன புதிர் அதன் கடினத்துக்காகப் பேசப்பட்டது. தேர்ந்தெடுப்பும் நிறப் பங்கீடும் ஒன்றுக்குள் ஒன்றாக வந்ததுதான் அங்கே சிக்கல்.

லாஜிக் கேம்ஸ் பகுதியை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டிய இயல்பு அதைப் பயிற்சியால் கற்க முடிந்ததுதான். வாசிப்புத் திறன் பல ஆண்டுப் பழக்கத்தில் ஊறுவது. சில மாதத்தில் அதைப் பெரிதாக உயர்த்துவது அரிது. குழுப் புதிரிலோ முதல் தாளில் பாதி வினாவையும் தொட முடியாதவர், ஐம்பது தாள் போட்ட பிறகு முழுப் பகுதியையும் நேரத்துக்குள் முடிக்கும் நிலைக்கு வந்தார். உழைப்பவருக்கு இது நம்பிக்கை தந்தது. ஆனால் கட்டணம் செலுத்திப் பயிற்சி பெற வசதியுள்ளவருக்கே அந்த வாய்ப்பு முதலில் கிடைத்தது என்பதும் உண்மை. 2018-இல் சேர்க்கைக் கவுன்சிலும் இணையக் கல்வி அமைப்பான கான் அகாடமியும் சேர்ந்து இலவச இணையப் பயிற்சியைத் தொடங்கியபோது அந்த இடைவெளி ஓரளவு குறைந்தது.

தாளின் ஓரத்தில்

தாள் தேர்வு நடந்த காலத்தில் தனியாக வெற்றுத் தாள் தரப்படவில்லை. புதிர் அச்சான பக்கத்தின் அடியிலும் ஓரத்திலும் உள்ள வெள்ளை இடத்திலேயே படம் போட வேண்டும். இயந்திரப் பென்சிலுக்கு அனுமதி இல்லை, மரப் பென்சில்தான். அழித்து எழுத நேரமும் இல்லை, இடமும் இல்லை. அதனால் படத்தைச் சிறிதாகவும் ஒரே முறையிலும் போடுவது தனிப் பயிற்சியாயிற்று. 2012 ஜூன் முதல் ஒவ்வொரு புதிரும் இரண்டு பக்கத்தில் பரவி அச்சானது. வரையக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைத்தது.

2019-இல் தேர்வு டேப்லெட் திரைக்கு மாறியபோது புதிர் திரையிலும் படம் தனித் தாளிலும் என்று பிரிந்தன. அதுவரை விதிக்குப் பக்கத்திலேயே குறி எழுதிப் பழகிய மாணவர்கள், விதியைத் திரையில் படித்துத் தாளில் மாற்றி எழுதப் பழக வேண்டியிருந்தது. 2020 மே மாதம் பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்தே எழுதும் சுருக்கத் தேர்வு வந்தது. மூன்று பகுதிகள் கொண்ட அதில் லாஜிக் கேம்ஸின் பங்கு முன்பைவிடக் கூடியது. நான்கில் ஒன்றாக இருந்தது மூன்றில் ஒன்றாயிற்று.

பார்வையற்றோர் எழுப்பிய கேள்வி

படம் இல்லாமல் இந்தப் பகுதியை எழுத முடியாது என்பதே அதன் பெரிய குறையும் ஆயிற்று. பார்வையற்ற ஒருவர் விதிகளைச் செவியால் கேட்கலாம், பிரெய்லில் படிக்கலாம். ஆனால் கட்டம் போட்டு, பெயர்களை இடம் மாற்றி மாற்றி எழுதி, ஒரே பார்வையில் எல்லாவற்றையும் பார்க்கும் வசதி அவருக்கு இல்லை. மற்றவர்கள் தாளில் இறக்கி வைத்த சுமையை அவர் நினைவில் தாங்க வேண்டியிருந்தது. தருக்கத் திறனை அளக்க வந்த பகுதி, அவரைப் பொறுத்தவரை பார்க்கும் திறனை அளந்தது.

மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த பார்வையற்ற ஒருவர் 2011-இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மீது வழக்குத் தொடுத்தார். சட்டக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அந்தச் சங்கம் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வைக் கட்டாயமாக்கியிருந்ததே வழக்குக்கு அடிப்படை. தேர்வை உருவாக்குவதும் நடத்துவதும் சங்கம் அல்ல என்ற காரணத்தால் அந்த வழக்கு நிற்கவில்லை. 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த முடிவை உறுதி செய்தது. அதன்பின் சேர்க்கைக் கவுன்சிலின் மீதே வழக்கு வந்தது. 2019 அக்டோபரில் இரு தரப்பும் சமரசம் கண்டன. பகுப்பாய்வுத் திறனை அளக்க மாற்று வழியை நான்கு ஆண்டுக்குள் ஆராய்ந்து உருவாக்கும் பணியைத் தொடங்கக் கவுன்சில் ஒப்புக்கொண்டது.

அந்தக் கெடு முடியும் தறுவாயில், 2023 அக்டோபரில் முடிவு அறிவிக்கப்பட்டது. லாஜிக் கேம்ஸ் பகுதி நீக்கப்படும். அதன் இடத்தில் வாதங்களை ஆராயும் தருக்கப் பகுதி இன்னொன்று வரும். இப்படி மாற்றினாலும் மொத்த மதிப்பெண் அளவில் ஏறத்தாழ வேறுபாடு இராது என்று கவுன்சில் தெரிவித்தது. 2024 ஜூன் தேர்வே லாஜிக் கேம்ஸ் இடம்பெற்ற கடைசித் தேர்வு. 2024 ஆகஸ்டிலிருந்து புதிய வடிவம் நடைமுறையில் உள்ளது.

எஞ்சியிருப்பது

எல்சாட்டை விட்டுப் போனாலும் குழுப் புதிர் தேர்வுலகை விட்டுப் போகவில்லை. இந்தியாவில் வங்கிப் பணிக்கான தேர்வுகளின் ரீசனிங் பகுதியில் வட்ட மேசையைச் சுற்றி யார் எங்கே அமர்ந்திருக்கிறார், எந்தத் தளத்தில் யார் குடியிருக்கிறார், எந்தக் குழுவில் யார் என்ற புதிர்கள் இன்றும் பெரும் பங்கு வகிக்கின்றன. தமிழ்நாட்டின் பயிற்சி மையங்களில் ஆயிரக்கணக்கானோர் அதே கட்டத்தையும் முதலெழுத்தையும் கொண்டு அவற்றைத் தீர்க்கிறார்கள். பார்வையற்ற விண்ணப்பதாரருக்கு இவற்றை எப்படி நியாயமாக அமைப்பது என்ற கேள்வி இங்கேயும் அப்படியே பொருந்தும்.

எல்சாட்டிலும் அம்புக்குறி முழுவதும் மறையவில்லை. வாதப் பகுதியில் ‘இன்னது இருந்தால்தான் இன்னது’ என்ற வகை வாக்கியங்கள் தொடர்ந்து வருகின்றன. அவற்றைக் குறியாக எழுதி, மறுத்துத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் இன்றும் கற்பிக்கப்படுகிறது. பெட்டியும் கோடுகளும் போய்விட்டன. விதியின் இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டும், அதை மறுதலையாகப் படித்துவிடக் கூடாது என்ற பாடம் மட்டும், படம் போட முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் பொதுவாக, சட்டப் படிப்பின் வாசலிலேயே நிற்கிறது.